கூரையில் விரிந்த கம்பளம்

மாத்தளை நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே அளுவிகாரை, நாலந்தை ஆகிய ஊர்களைக் கடந்து ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர் சென்றால் தம்புள்ளையை அடையலாம். சமவெளியின் நடுவே, பெரியதொரு யானை படுத்திருப்பதுபோல, ஒரு கருங்கற் பாறை அங்கே எழுந்து நிற்கிறது. உச்சி வெயிலில் அதன்மீது ஏறுவோரின் வெறுங்காலைப் பாறை சுடும். குகையின் வாயிலைத் தாண்டியதும் குளிர்ச்சியும் இருளும் நம்மைச் சூழ்ந்துகொள்ளும். கண் இருளுக்குப் பழகியபின் கிடந்த கோலத்திலும் இருந்த கோலத்திலும் நின்ற கோலத்திலும் புத்தர் திருவுருவங்கள் தோன்றும். வந்தவர்கள் கைகூப்பி வணங்குகிறார்கள்; மலரைச் சாத்துகிறார்கள்; வெளியே வந்துவிடுகிறார்கள். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்ப்போர் மிகச் சிலரே.

அவ்வாறு பார்ப்பவர்களுக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. குகையின் கூரை சமமானதன்று. இயற்கை செதுக்கியபடியே அது மேடும் பள்ளமுமாக வளைந்து செல்கிறது. அந்த வளைவுகளைச் சீர்செய்யாமல், அவற்றின் போக்கிலேயே சிவப்பும் மஞ்சளும் கருமையும் வெண்மையும் கலந்த ஓவியங்களைத் தீட்டியிருக்கிறார்கள். வரிசை வரிசையாக அமர்ந்த புத்தர் உருவங்கள் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வருகின்றன. தாமரையும் இதழ்வரிசையும் கொடியும் பட்டைகளாக அமைந்து அவற்றுக்குக் கரை கட்டுகின்றன. தூரத்திலிருந்து நோக்கினால் பாறை மறைந்துவிடுகிறது. யாரோ பெரியதொரு வண்ணத் துணியை மேலே கட்ட, அது தன் பாரத்தால் இடையிடையே தொய்ந்து நிற்பதுபோலத் தோன்றுகிறது.

நேயர்களே, இந்தத் தோற்றம் நம் கண்ணின் மயக்கமா? அல்லது ஓவியர் எண்ணிச் செய்ததா? இவ்வினாவை விடுவிக்கும் வழியைத் தேடி, இன்று உங்களை நெடுந்தூரம், துருக்கி நாட்டின் பழைய கம்பளங்கள் வரை அழைத்துச் சென்று, மீண்டும் மாத்தளைக்கே கொண்டுவந்து சேர்க்க விரும்புகிறேன். கோலங்கள் நாடுவிட்டு நாடு செல்வது எங்ஙனம் என்பதை உலகத்து அறிஞர் மிகுதியாக ஆராய்ந்த துறைகளுள் துருக்கிக் கம்பளம் ஒன்று. அங்கே கற்ற பாடத்தைக் கொண்டு நம் வீட்டுக் கூரையைப் படிப்பது எளிது.

கம்பளம் என்பது யாது? பாயும் ஜமக்காளமும் பாவும் ஊடையும் மட்டும் கொண்டு நெய்யப்படுபவை. முடிச்சுக் கம்பளத்தில் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு இழைகளில், இரண்டிரண்டாக எடுத்து, வண்ணக் கம்பளி நூலைச் சுற்றி முடிந்து, நுனியை வெட்டிவிடுகிறார்கள். ஒரு வரிசை முடிச்சு முடிந்ததும் ஊடையைச் செலுத்திச் சீப்பால் இறுக்குகிறார்கள். பின்னர் அடுத்த வரிசை. வெட்டிய நுனிகள் நெருங்கி நின்று மெத்தென்ற பரப்பாகின்றன. இரு இழைகளையும் சமமாகச் சுற்றிவரும் முடிச்சுக்குத் துருக்கி முடிச்சு என்றும், ஓர் இழையை மட்டும் முழுதாகச் சுற்றும் முடிச்சுக்குப் பாரசீக முடிச்சு என்றும் வழங்குவர்.

இக்கலையின் பழமையைக் காட்டும் சான்று ஒன்று 1949ஆம் ஆண்டில் கிடைத்தது. சைபீரியாவின் அல்த்தாய் மலைப்பகுதியில், பசிரிக் என்னுமிடத்தில், பனியுறைந்த ஒரு கல்லறைக்குள்ளிருந்து முழுக் கம்பளம் ஒன்றை ருசிய அகழ்வாய்வாளர் எடுத்தனர். அது இற்றைக்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் எண்பத்துமூன்று சென்டிமீட்டர் அளவுள்ள அதில் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட முடிச்சுகள் உண்டு. அவை துருக்கி முடிச்சுகளே. அதன் கரையிலே குதிரை வீரரும் மான்களும் அணிவகுத்துச் செல்கின்றனர். நடுவிலோ இருபத்துநான்கு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு தாமரை மொட்டுகள் குறுக்கு வடிவிற் கூடிநிற்கின்றன. பனிமலை நாட்டுக் கல்லறையிலே வெப்பநாட்டுத் தாமரை! கோலங்களின் பயணம் எத்துணைப் பழையது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

துருக்கி மண்ணுக்கே உரிய மிகப் பழைய கம்பளங்கள் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கொன்யா நகரின் அலாவுத்தீன் பள்ளிவாசலில் அவை 1905ஆம் ஆண்டில் அறிஞர் கண்ணிற்பட்டன. எளிய வடிவங்கள் அவற்றின் நடுக்களத்தில் அடுக்கடுக்காக வருகின்றன. அகன்ற கரையிலோ அரபு எழுத்துப்போன்ற உருவங்கள் கம்பீரமாக நிற்கின்றன. அவை எழுத்தின் சாயல் மட்டுமே. படித்தால் பொருள் தருவனவல்ல. எழுத்து கோலமாக மாறிவிட்டது. பிற்கால உசாக், லாதிக், கோர்தெசு முதலிய ஊர்களின் கம்பளங்களிலும் இந்த மாற்றமே தொடர்ந்து நடைபெறுவதைக் காண்கிறோம்.

இக்கம்பளங்களின் புகழ் வெகுதூரம் பரவியது. 14ஆம் நூற்றாண்டில் உலகம் சுற்றிய இபின் பத்தூத்தா, துருக்கியின் அக்சராய் நகரத்துக் கம்பளங்கள் ஈடிணையற்றவை என்றும், சிரியா, எகிப்து, ஈராக்கு, இந்தியா, சீனம் முதலிய நாடுகளுக்கு அவை அனுப்பப்பட்டன என்றும் எழுதிவைத்தார். அதே பயணிதான் 1344ஆம் ஆண்டில் நம் இலங்கையின் மேற்குக் கரையில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்து, சிவனொளிபாத மலைக்கு ஏறிச் சென்றவர். அக்சராயின் தறிகளையும் ஈழத்தின் மலையையும் ஒரே வாழ்நாளில் கண்ட கண்கள் அவருடையவை. பண்டங்களும் அவற்றின் கோலங்களும் மக்கள் நடந்த வழியிலேதான் நடந்தன.

ஐரோப்பாவிலே துருக்கிக் கம்பளம் தரையில் விரிக்கத்தகாத செல்வமாக மதிக்கப்பட்டது. மேசைமீது விரித்தார்கள். ஓவியர் ஹோல்பைன் 1533ஆம் ஆண்டில் தீட்டிய, இரு தூதுவர் நிற்கும் புகழ்பெற்ற ஓவியத்தில், அவர்களுக்கு இடையேயுள்ள மேசையை மூடியிருப்பது துருக்கிக் கம்பளமே. கம்பளத்திலே நெய்தவர் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஓவியத்திலோ ஆண்டு உண்டு. ஆகவே ஓவியங்களைக் கொண்டு கம்பளங்களின் காலத்தைக் கணித்தார்கள். இதன் விளைவாக ஒருவகைக் கம்பளத்துக்கு ஹோல்பைன் கம்பளம் என்றும், மற்றொரு வகைக்கு இத்தாலிய ஓவியர் லோத்தோவின் பெயரும் நிலைத்துவிட்டன. நெய்த பெண்களின் பெயர் மறைந்தது. வரைந்த ஆடவரின் பெயர் நின்றது. கைத்தொழிலின் வரலாற்றில் இது புதியதன்று.

இனி, இக்கோலங்கள் எங்கிருந்து வந்தன என்று நோக்குவோம். துருக்கிக் கம்பளம் பல ஊற்றுகளின் நீரை உண்டு வளர்ந்தது. பெர்லின் அருங்காட்சியகத்திலுள்ள 15ஆம் நூற்றாண்டுக் கம்பளமொன்றில், சீனத்துப் பறவைநாகமும் பீனிக்சுப் பறவையும் பொருதுகின்றன. சுலுத்தான் செலிம் 1514ஆம் ஆண்டில் பாரசீகத்தின் தப்ரீசு நகரையும், 1517ஆம் ஆண்டில் கெய்ரோ நகரையும் கைப்பற்றினார். அவற்றின்பின் பாரசீகக் கைவினைஞரின் நடுப்பதக்கமும் வளைகொடியும், எகிப்தியரின் நுண்ணிய நெசவும் துருக்கிக்குள் மேலும் பெருகின. 1585ஆம் ஆண்டில் மூன்றாம் முராத்து, கெய்ரோவிலிருந்து பதினொரு கம்பளக் கைவினைஞரைச் சாயமிட்ட கம்பளியோடு இசுத்தான்புல்லுக்கு வரவழைத்தார்.

மற்றொரு கோலம் நமக்கு நெருங்கியது. மூன்று வட்டங்கள் முக்கோணமாக நிற்க, அவற்றோடு புலியின் வரிபோன்ற இரண்டு அலைக்கோடுகள் சேர்வது துருக்கியரின் விருப்பமான அலங்காரம். கம்பளத்தில் மட்டுமன்றி அரசரின் பட்டு அங்கியிலும் ஓட்டிலும் இதனைக் காணலாம். இக்காலத்து அறிஞர் இதற்கு வழங்கும் பெயர் சிந்தாமணி. வேண்டியதை ஈயும் மணி என்று வடமொழி சொல்லும் அதே சொல். சீவகன் கதையைச் சொல்லும் நம் காப்பியத்தின் பெயரிலுள்ள அதே சொல். பௌத்தர் போற்றிய மும்மணியே நடு ஆசியாவின் வழியாக அங்கே சென்றிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. ஆனால் துருக்கியர் அதனைப் புள்ளி என்றும் புலிவரி என்றுமே அழைத்தார்கள். அவர்களுக்கு அது வீரத்தின் அடையாளம். வடிவம் வழிநடக்கும், பொருள் வழியிலேயே மாறிவிடும்.

இங்கே எச்சரிக்கையாக ஒன்று சொல்லவேண்டும். இரண்டு நாடுகளில் ஒரே கோலத்தைக் கண்டவுடன், ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்யப்பட்டது என்று முடிவுகட்டுவது தவறு. ஒப்புமை மூன்று வகையிலே பிறக்கலாம். கருவியும் பொருளும் ஒன்றாக இருப்பதால் பிறப்பது முதல் வகை. தொன்மையான பொது மூலத்திலிருந்து இரு கிளையாகப் பிரிவதால் பிறப்பது இரண்டாம் வகை. வாணிகத்தாலும் படையெடுப்பாலும் ஒருவர் கைப்பொருளை மற்றவர் நேரே கண்டதனாற் பிறப்பது மூன்றாம் வகை. இம்மூன்றையும் நம் மாத்தளைப் பகுதியிலேயே காட்டலாம்.

முதல் வகைக்குத் தும்பறைப் பாய் சான்று. மாத்தளை மாவட்டத்துக்கும் கண்டி மாவட்டத்துக்கும் நடுவே தும்பறை மலைத்தொடர் நிற்கிறது. அம்மலையின் பெயரைத் தாங்கிய பாய்களைக் கண்டிப்பக்கத்தில், குண்டசாலைக்கு அண்மையிலுள்ள ஹேனாவலைக் கிராமத்தார் இன்றும் நெய்கிறார்கள். முன்னாளில் மருள் என்னும் செடியின் நாரையும், பின்னாளில் கற்றாழையினத்து நாரையும் பயன்படுத்தினர். பதங்கிக் கட்டையிலிருந்து சிவப்பும், மரமஞ்சட் கொடியிலிருந்து மஞ்சளும் எடுத்துத் தோய்த்தனர். தாழ்ந்த தறியிலே நெய்யப்படும் இப்பாயில் யானையும் மானும் பறவையும் வருகின்றன. எல்லாம் கோணல் கோணலான படிக்கட்டு வடிவிலே வருகின்றன. சாய்சதுரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்படுகின்றன.

துருக்கிக் கிராமத்துக் கம்பளத்தை இதனருகே வைத்தால் இரண்டும் உறவினர்போலத் தோன்றும். ஆயினும் ஒன்றையொன்று கண்டதில்லை. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்பவை. அவற்றின்மீது வட்டம் வரைய இயலாது. வளைகோட்டைப் படிப்படியாக ஏற்றியே காட்டவேண்டும். முடிச்சு நுண்ணிதானால் படிகள் சிறுத்து வளைவுபோலத் தோன்றும். முடிச்சு பருத்தால் படிகள் தெரியும். அரண்மனைக்கு நெய்தவர் நுண்ணிய நூலால் டியூலிப்பு மலரை மலராகவே வளைத்தார்கள். அதே மலரைக் கிராமத்துப் பெண் பருத்த கம்பளியில் நெய்தபோது அது கூர்முனைகள் கொண்ட கோணவடிவாயிற்று. லாதிக் ஊரின் தொழுகைக் கம்பளங்களிலே அணிவகுத்து நிற்கும் டியூலிப்புகள் இவ்வாறு பிறந்தவை. இதனைக் குறை என்று எண்ணுதல் பிழை. நூல் இட்ட கட்டளைக்கு மலர் கீழ்ப்படிந்தது. அந்தக் கீழ்ப்படிதலிலே புதியதோர் அழகு பிறந்தது.

மாத்தளைக்கே உரிய அரக்குவேலையும் இதே உண்மையைச் சொல்கிறது. ஹப்புவிடைக் கிராமத்தார் அரக்கை வெப்பத்தால் இளக்கி, மெல்லிய நூலாக இழுத்து, கட்டைவிரல் நகத்தாலே மரத்தின்மீது அழுத்திப் பதிக்கிறார்கள். நகவேலை என்னும் பொருள்படவே சிங்களத்தில் அதற்குப் பெயர். தூரிகை எங்கும் ஓடும். நகமோ குறுகிய கோட்டையும் இதழையும் புள்ளியையுமே தெளிவாகப் பதிக்கும். ஆதலால் ஹப்புவிடைக் கொடி, தம்புள்ளைக் கொடியைப்போல் ஓடுவதில்லை. ஒரே மாவட்டம், ஒரே மலர், இருவேறு கருவி. ஆகவே இருவேறு கோலம்.

இரண்டாம் வகைக்கு இருதலைப் பறவை சான்று. கொன்யாவை ஆண்ட செல்யூக்கியத் துருக்கர் தம் கோட்டைக் கற்களிலே இருதலைக் கழுகைப் பொறித்தனர். தென்னாட்டிலே விசயநகர மன்னர் கண்டபேருண்டத்தைப் போற்றினர். கண்டிநாட்டுக் கலையிலும் அது பேருண்டப் பட்சி என்னும் பெயரோடு வாழ்கிறது. இவற்றுள் ஒன்று மற்றொன்றின் நகல் என்று சொல்ல முடியாது. மேற்காசியாவின் மிகப் பழைய அரசுகளிலேயே அவ்வுருவம் இருந்தது. அதிலிருந்து பல கிளைகள் பிரிந்தன. தாமரையும் அத்தகையதே.

மூன்றாம் வகைதான் நம்மைத் தம்புள்ளையின் கூரைக்கே திரும்ப அழைத்துச் செல்வது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் இக்குகைகளைக் கோயிலாக்கினான் என்பது மரபு. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிசங்கமல்லன் பொன் பூசுவித்தான். இன்று நாம் காணும் ஓவியங்களிற் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டுக் கண்டி மரபைச் சேர்ந்தது. 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலே அம்மரபு மறுமலர்ச்சி பெற்றது. அவன் மதுரையோடு உறவுகொண்ட நாயக்கர் குலத்தவன். தென்னிந்தியக் கரையிலிருந்து வண்ணந்தீட்டிய பருத்தித் துணிகள் கண்டிநாட்டுக்கு நெடுங்காலமாக வந்துகொண்டிருந்தன. அத்துணிகளிலே ஓடிய கொடியையும் மலரையும் இந்நாட்டுக் கைவினைஞர் கண்ணாரக் கண்டனர்.

துணி தரைக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்திலே நன்மையிலும் தீமையிலும் வீட்டின் கூரைக்குக் கீழே வெள்ளை கட்டுவது நம் முன்னோர் வழக்கம். மதிப்புக்குரியவர் தலைக்குமேல் வெறுங்கூரை இருத்தலாகாது என்பது அதன் கருத்து. அவர் கால் மண்ணிற் படாதிருக்க நிலபாவாடை விரிப்போம். சிங்கள மக்களிடமும் இவ்விரண்டும் உண்டு. மேலே கட்டுவதை அவர்கள் வியன என்பர். அது விதானம் என்னும் சொல்லின் திரிபு. கீழே விரிப்பதைப் பாவாட என்பர். அது நம் பாவாடையே. மனிதருக்கே இவ்வளவு மரியாதை என்றால், புத்தர் பெருமானின் தலைக்குமேல் வெறும் பாறையை விடுவரோ? ஐம்பத்திரண்டு மீட்டர் நீளமும் இருபத்துமூன்று மீட்டர் அகலமும் உள்ள பெருங்குகைக்குத் துணி கட்டுவது எளிதன்று. கட்டினாலும் ஈரம் அதனை விரைவில் அரித்துவிடும். ஆகவே துணியைக் கட்டாமல் துணியைத் தீட்டினார்கள். தொய்வுபோலத் தோன்றும் பாறையின் வளைவே அவர்களுக்குத் துணையாயிற்று. கூரையைத் துணியின் நினைவாகக் கொள்வதற்கு இதுவே தக்க காரணம்.

இவ்விடத்தில் துருக்கிக்கும் இலங்கைக்கும் உள்ள வேறுபாடும் விளங்கும். துருக்கியின் மேட்டுநிலத்திலே குளிர் கடுமையானது, ஆடு மிகுதி. தரையின் குளிரைத் தடுக்கக் கம்பளி தேவைப்பட்டது. அழகு அந்தத் தேவையின்மீது ஏறி அமர்ந்தது. நம் நாட்டிலோ வெப்பமும் ஈரமும். கம்பளி விரித்தால் பூச்சி அரிக்கும். ஆதலால் நம்மவர் தரைக்குப் பாயையும், தலைக்குமேல் விதானத்தையும் தேர்ந்தனர். துருக்கியர் தம் தோட்டத்தைக் காலடியில் விரித்தனர். தம்புள்ளையார் தலைக்குமேலே விரித்தனர். இருவருக்கும் அமைப்பு ஒன்றே: நடுவிலே களம், களத்திலே திரும்பத் திரும்ப வரும் உரு, அதனைக் காக்கும் கரை. நம் சேலைக்கும் அதுவே இலக்கணம் அன்றோ?

சாயத்திலும் இவ்வுறவு தொடர்கிறது. துருக்கிக் கம்பளத்தின் ஆழ்ந்த சிவப்பு, மஞ்சிட்டி இனத்துச் செடியொன்றின் வேரிலிருந்து வந்தது. நம் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளிலே தோண்டியெடுத்த சாயவேரிலும் அதே செந்நிறப்பொருள் உண்டு. அதன் மதிப்பை உணர்ந்தே ஒல்லாந்தர் சாயவேரைத் தம் ஆட்சியின் தனியுரிமையாக்கினர். தம்புள்ளையின் சிவப்போ வேரிலிருந்து வந்ததன்று. கண்டி ஓவியரின் செந்நிறத்துக்கு மூலம் சாதிலிங்கம். மஞ்சளுக்கு அரிதாரமும் ஒருவகை மரத்துப் பிசினும். கருமைக்கு விளக்குப் புகை. இவற்றைப் பிணைக்க விளாம்பிசின். சாதிலிங்கம் என்பதே சிங்கள ஓவியரின் வாயிலும் வழங்கும் சொல். நிறத்தோடு சொல்லும் கடல்கடந்து வந்திருக்கிறது.

மதம் என்னும் வேலியும் கோலங்களைத் தடுத்ததில்லை. தம்புள்ளைக்குச் செல்லும் வழியிலுள்ள நாலந்தைக் கெடிகே தமிழகத்துப் பல்லவர் கற்கோயில் அமைப்பைத் தழுவியது. ஆயினும் அது பௌத்தத் தலமாக விளங்கியது. போவத்தென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது அதனைக் கல் கல்லாகப் பிரித்து, நீர்மட்டத்துக்கு மேலே மீண்டும் எழுப்பினார்கள். அங்கே துருக்கியிலும் இவ்வாறே. முசுலிம் நெசவாளர் நெய்த நூற்றுக்கணக்கான கம்பளங்கள் இன்று ருமேனியாவின் திரான்சில்வேனியாவிலுள்ள கிறித்தவத் தேவாலயங்களிலே காக்கப்படுகின்றன. நெய்தவர் வணங்கிய திசை வேறு. காத்தவர் வணங்கிய திசை வேறு. அழகு இரண்டு வாயிலிலும் இடம் பெற்றது.

கோலங்களைக் காப்பதற்கு முதலில் அவற்றின் பெயரை அறியவேண்டும். இதனை நமக்குச் செய்தவர் கொழும்பிலே 1877ஆம் ஆண்டில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. தமிழராகிய சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். கனிப்பொருள் ஆய்வாளராக இந்நாட்டு ஊர்களில் நடந்து திரிந்தபோது, கைவினைஞரின் வாசலில் அமர்ந்து, அவர்கள் கோலங்களையும் கருவிகளையும் சொற்களையும் கேட்டெழுதினார். 1908ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூல், தமிழர் ஒருவர் சிங்களக் கைவினைஞருக்குச் செலுத்திய மரியாதை. பாயும் அரக்கும் சுவரோவியமும் அந்நூலிலே ஒரே குடும்பத்தின் உறுப்பினராகக் காட்சியளிக்கின்றன.

பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் இரசாயனச் சாயம் துருக்கித் தறிகளுக்கு வந்தது. மலிவும் விரைவும் கண்டு நெசவாளர் அதனை ஏற்றனர். சில ஆண்டுகளிலே நிறம் வெளிறிற்று. நூற்றாண்டுக் காலச் சாயமறிவு பல ஊர்களில் மறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டில் துருக்கியின் மேற்குக் கிராமங்களிலே தொடங்கிய ஒரு முயற்சி, பழைய கம்பளங்களின் நிறங்களைச் சோதனையால் கண்டறிந்து, வேர்ச்சாயத்தை நெசவுப் பெண்களுக்கு மீண்டும் கற்பித்தது. ஒருமுறை அறுந்த நூலை மீண்டும் முடிய எத்துணை உழைப்புத் தேவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம்மிடம் நூல் இன்னும் அறவில்லை. தம்புள்ளைக் குகைக்கோயிலை 1991ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வமாக யுனெஸ்கோ ஏற்றது. அங்கே சுவரோவியம் பரந்திருக்கும் இடம் ஏறத்தாழ இரண்டாயிரத்து நூறு சதுர மீட்டர். தும்பறைப் பாய் நெய்யும் திறனும் 2021ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலிலே இடம்பெற்றது. ஆனால் பட்டியல் சோறு போடாது. நாரை உரித்து, சாயம் தோய்த்து, நாட்கணக்கில் தறியிலிருந்து எழுந்த பாயை, தொழிற்சாலைப் பாயின் விலைக்கே கேட்டால், நெய்தவரின் மகன் வேறு தொழிலைத் தேடிப் போவான். ஓவியத்துக்கு ஈரம் பகை. கைத்தொழிலுக்கு நம் அறியாமையே பகை.

நம்பிக்கை தரும் நிகழ்ச்சி ஒன்றும் மாத்தளையிலேயே உண்டு. 1960களில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, பெந்தோட்டைக் கடற்கரையில் ஒரு விடுதியைக் கட்டியபோது, அதன் வரவேற்புக் கூடத்தின் கூரையைப் பத்திக்குத் துணிகளால் நிரப்பினார் ஏனா த சில்வா அம்மையார். பின்னர் 1980களில் அவர் தம் முன்னோரின் ஊராகிய அளுவிகாரைக்குத் திரும்பி, கிராமத்துப் பெண்களைக் கொண்டு துணிவண்ணமும் தையலும் நடத்தும் நிலையத்தை அமைத்தார். 2015ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். எண்ணிப் பார்த்தால் இது ஒரு வட்டம். துணி விதானத்தைப் பார்த்துத் தம்புள்ளையார் பாறையிலே தீட்டினர். இரு நூற்றாண்டுகளின்பின், கூரை மீண்டும் துணியாயிற்று. பழையதை அப்படியே நகலெடுக்காமல், தம் காலத்துக் கருவியாகிய மெழுகையும் சாயத்தையும் கொண்டு புதிதாகச் சொன்னமையால் அது உயிர்பெற்றது.

ஆகவே, நேயர்களே, ஒரு கோலத்தைக் காணும்போது, இது யாருடையது, யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற வழக்கோடு நின்றுவிடலாகாது. துருக்கியர் சீனத்திடமும் பாரசீகத்திடமும் பெற்றனர். ஐரோப்பியர் துருக்கியரிடம் பெற்றனர். கண்டியார் தென்னகத்திடம் பெற்றனர். பெறாதவர் எவரும் இலர். பெற்றதைத் தம் நூலுக்கும் நகத்துக்கும் பாறைக்கும் ஏற்ப எவ்வாறு மாற்றினர் என்பதே கேட்கத்தக்க கேள்வி. அந்த மாற்றத்திலேதான் ஒரு நாட்டின் கைவண்ணம் இருக்கிறது.

கம்பளம் அறிந்தவர் முதலிலே அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. புரட்டி முதுகைப் பார்ப்பர். முடிச்சின் நெருக்கமும் நெய்தவரின் பொறுமையும் அங்கேதான் தெரியும். நம் பெண்கள் புடைவைக் கடையிலே சேலையைப் புரட்டிப் பார்ப்பதும் இந்த அறிவினாலே. அடுத்த முறை தும்பறைப் பாயொன்று கையில் வந்தால் அதனைப் புரட்டிப் பாருங்கள். பார்த்தபின் விலையைப் பேசுங்கள். தம்புள்ளைக்குப் போனால் வணங்கியபின் உடனே திரும்பிவிடாமல், ஒருகணம் தலையை நிமிர்த்துங்கள். உங்கள் தலைக்குமேலும் ஒருவர் மரியாதையாக ஒரு துணி விரித்து வைத்திருக்கிறார்.